பத்துவரை எண்ணத் தெரியாத பெட்டி

கீழ்க்கதவு திறக்கவில்லை.

தண்ணீர் இறங்கி முடித்துவிட்டது. மேல் ஏரியிலிருந்து மதகுத் தொட்டிக்குள் வந்த படகு, தொட்டித் தண்ணீரோடு சேர்ந்து இரண்டு ஆள் உயரம் கீழே இறங்கி, கீழ் ஏரியின் மட்டத்துக்கு வந்து நின்றது. இருபுறமும் பாசி வழியும் கான்கிரீட் சுவர். பின்னால் ஒரு கதவு, முன்னால் ஒரு கதவு, தலைக்கு மேலே ஒரு துண்டு வானம். சுவர் உச்சியில் பொருத்தியிருந்த கட்டுப்பாட்டுப் பெட்டியில் பச்சை விளக்கு பளிச்சென்று எரிந்தது. உள்ளேயும் வெளியேயும் தண்ணீர் ஒரே மட்டத்தில் இருந்தால்தான் பச்சை எரியும். எரிந்தபின் பெட்டி பத்து வினாடி பொறுத்துப் பார்த்துவிட்டுக் கதவைத் திறக்க வேண்டும். பத்து நிமிடமே ஆகிவிட்டது.

"பாத்தியா எஸ்கோ? உன் மிதவை இன்னைக்கு நம்மளையே பிடிச்சு வச்சிருச்சு" என்றார் யோர்மா.

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எஸ்கோவுக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

பின்லாந்தின் ஏரிப் பகுதியில் இந்த மாதிரிச் சின்ன மதகுத் தொட்டிகளுக்குக் காவலாள் கிடையாது. படகில் வருபவர் தொங்கும் நீலக் கயிற்றை இழுத்தால் போதும், மற்றதைப் பெட்டி பார்த்துக்கொள்ளும். அந்தப் பெட்டிகளைச் செய்து கொடுப்பது யோர்மாவின் கம்பெனி. பெட்டிக்குள் ஓடும் கணினி நிரலை எழுதுவது மெர்வி. தண்ணீர் மட்டத்தைப் பெட்டிக்குச் சொல்லும் மிதவைகளைக் குழாய்க்குள் இறக்கிப் பொருத்துவது எஸ்கோ. மூன்று பேரும்தான் இப்போது படகில் இருந்தார்கள். நடுக்கோடைத் திருநாளுக்கு யோர்மாவின் தீவு வீட்டுக்குப் போகிற வழி. படகில் ஒரு பெட்டி பீர், சாசேஜ், புது உருளைக்கிழங்கு, எல்லாருக்கும் போதுமான அளவு கொசு.

பனி உருகியதிலிருந்து இந்தத் தொட்டி நான்கு முறை சிக்கிக்கொண்டது. நான்கு முறையும் எஸ்கோதான் வண்டி எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். குழாய் மூடியைத் திறந்து, நீளக் கம்பால் மிதவையை ஒரு குத்து. உடனே கதவு திறக்கும். குத்தினால் திறக்கிறது என்றால் குற்றவாளி மிதவைதானே? கம்பெனியில் எல்லாரும் அப்படித்தான் முடிவு கட்டினார்கள். எஸ்கோவும்தான். இரண்டு தடவை மிதவையை மாற்றினார், குழாயைச் சுரண்டிக் கழுவினார். மறுபடியும் சிக்கியது. அவருக்குத் தன் கைமேலேயே சந்தேகம் வந்துவிட்டது.

தொட்டிகளை நடத்தும் நீர்வழி அலுவலகம் சும்மா விடவில்லை. யார் பொறுப்பு என்று கேட்டது. நேற்று மதியம் யோர்மா எஸ்கோவைத் தனியாகக் கூப்பிட்டுச் சாவிக்கொத்தை வாங்கி மேசை இழுப்பறையில் போட்டார். "திங்கக்கிழமை அவங்க ஆளு வர்றாங்க. மிதவை வச்சதுல தப்பு என்னோடதுதான்னு நீயே ஒரு வார்த்தை சொல்லிரு. சொல்லிட்டு மரியாதையா ஓய்வெடுத்துக்க. கேக்கெல்லாம் வெட்டுவோம்." அந்தக் கசப்புக்கு மேலே பூசிய இனிப்புதான் இந்தப் படகுப் பயணம்.

முப்பது வருஷத்து வேலை. அந்த ஊர்ப்பக்கம் எஸ்கோ வைத்த மிதவை என்றால் இன்னொரு தடவை பார்க்க வேண்டியதில்லை என்பார்கள். திங்கட்கிழமைக்குப் பிறகு, பொய் சொல்லும் மிதவை வைத்தவன் என்பார்கள். பணம் போகட்டும், ஓய்வு எப்படியும் வரத்தான் போகிறது. இந்தப் பெயரோடு கடைத்தெருவில் எப்படி நடப்பது என்பதுதான் நேற்றிலிருந்து அவரைக் குடைந்தது.

யோர்மா நீர்வழி அலுவலகத்தின் கட்டுப்பாட்டு மையத்துக்குப் போன் போட்டார். பேசிவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "மூணு மணி நேரமாவது ஆகுமாம். பாதிப் பேரு திருநாள் நெருப்பு மூட்டப் போயிட்டாங்க, மீதிப் பேரு குடிச்சிருக்காங்க. ஏம்ப்பா எஸ்கோ, வழக்கம்போல ஒரு குத்து குத்தேன்."

"குழாய் மூடிச் சாவி உன் இழுப்பறையில இருக்கு."

யோர்மா பார்வையைச் சுவர்ப்பக்கம் திருப்பினார். "கீழ இருந்து முடியாதா?" என்றார்.

முடியும். தொட்டித் தண்ணீர் மிதவைக் குழாய்க்குள் போவதற்குச் சுவரில், தண்ணீருக்கடியில், ஒரு கையளவு ஓட்டை உண்டு. அதைத் துளைத்ததே எஸ்கோதான். துடுப்பால் அதன் வாயில் இரண்டு இடி இடித்தால் உள்ளே மிதவை குதிக்கும். அவர் துடுப்பை எடுத்துச் சுவரோரமாக இறக்கினார். நுனி ஓட்டையைத் தொட்டது. அப்படியே நின்றுவிட்டார்.

இடித்தால் கதவு திறக்கும். திறந்தால் யோர்மாவின் கண் முன்னாலேயே, மெர்வியின் கண் முன்னாலேயே, குற்றம் ஐந்தாவது முறையாக நிரூபணமாகிவிடும். வெளியே போகிற வழி ஒன்றே ஒன்றுதான், அதுவும் அவர் தலைமேல் ஏறித்தான் போகிறது. இடிக்காமல் இருந்தால் மூன்று மணி நேரம் இந்தக் குழிக்குள் யோர்மாவின் கேலியைக் கேட்டுக்கொண்டு உட்கார வேண்டும். இருதலைக்கொள்ளி எறும்பின் நிலை.

அண்ணாந்து விளக்கைப் பார்த்தார். பச்சை. ஒரு துடிப்புக்கூட இல்லாமல், அசையாமல் பச்சை. இதற்கு முன் வந்த நான்கு தடவையும் அவர் இப்படி உட்கார்ந்து விளக்கைப் பார்த்ததில்லை. சுவருக்குக் கீழே படகுக்காரர்கள் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருக்கும்போது யார் விளக்கைப் பார்ப்பார்கள்? நேராகக் குழாய்க்கு ஓடுவார், குத்துவார், வந்துவிடுவார்.

"ஏம்மா மெர்வி, மிதவை சிக்கியிருந்தா பச்சை எரியுமா?"

மெர்வி கொசுவை அடித்துக்கொண்டே, "சிக்கினா எரியாது. ஆடினா அணைஞ்சு அணைஞ்சு எரியும்" என்றாள்.

"இது அணையவே இல்லையே. நாம வந்ததுல இருந்து நின்னு எரியுது. அப்ப மிதவை சரியாத்தானே சொல்லுது?"

அவளும் அண்ணாந்து பார்த்தாள். நாற்பது வயது, கெட்டிக்காரி, கேட்ட கேள்விக்குக் கேட்கும் முன்பே பதில் வைத்திருப்பவள். இந்தத் தடவை விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பச்சை விழுந்தப்புறம் உன் பெட்டி என்ன பண்ணும்?"

"பத்து செகண்ட் எண்ணும்."

"எப்படி எண்ணும்?"

"உள்ள ஒரு எண் ஓடிட்டே இருக்கும், செகண்டுக்கு ஒண்ணா. பச்சை விழும்போது அது எத்தனைல இருக்குன்னு குறிச்சு வச்சுக்கும். அப்புறம் இப்ப உள்ளதுல இருந்து குறிச்சு வச்சதைக் கழிச்சுப் பாக்கும். பத்து வந்தா திறந்துரும். அவ்ளோதான்."

"ஓடிட்டே இருந்தா அந்த எண் எங்க போய் முடியும்?"

"இருநூத்தி அம்பத்தஞ்சு வரைக்கும் போகும். அதுக்கு மேல அந்த இடத்துல கொள்ளாது. திரும்பவும் பூஜ்யம்." வேகமாகச் சொன்னாள், மனப்பாடம் ஒப்பிப்பது போல. "அதனால ஒண்ணும் ஆகாது. கடிகாரம் மாதிரிதான். பதினோரு மணிக்கு ஆரம்பிச்சு இப்ப ரெண்டு மணின்னா, ரெண்டுல பதினொண்ணு போனா மூணு மணி நேரம்னு நாம சொல்றதில்லையா? வட்டத்துக்குள்ளயே கழிச்சா சரியா வந்துரும். வருஷக்கணக்கா இப்படித்தான் எழுதறேன்."

"வருஷக்கணக்கா இதே இருநூத்தி அம்பத்தஞ்சுதானா?"

"இல்ல, முன்ன பெரிய இடம் குடுத்திருந்தேன், கோடிக்கணக்குல போகும். இந்தப் பிப்ரவரிலதான் பெட்டிக்குள்ள இடம் பத்தலைன்னு சின்னதுக்கு..."

பேச்சு பாதியில் நின்றது. முகத்தில் ஈயாடவில்லை. எஸ்கோ அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேருக்குத் தங்கள் தப்பு உறைக்கும் கணத்தைப் பார்த்திருக்கிறார், பெரும்பாலும் கண்ணாடியில். அவள் இதை மென்று விழுங்கிவிடலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. விழுங்கிவிடுவாளோ என்று அவர் பயந்தார்.

"அய்யோ" என்றாள் மெர்வி. "எஸ்கோ, நான்தான். உங்க மிதவை இல்ல."

யோர்மா பீர் டப்பாவைக் கீழே வைத்தார். "என்ன உளறுற?"

"சின்ன எண்ணை நான் நிரல் எழுதற மொழி இருந்த இடத்துலயே வச்சுக் கழிக்காது. ரெண்டையும் முதல்ல பெரிய இடத்துக்குத் தூக்கிட்டுப் போய், அங்க வச்சுத்தான் கழிக்கும். அங்க வட்டமும் இல்ல, கடிகாரமும் இல்ல. ரெண்டுல பதினொண்ணு போனா மூணு இல்ல, கழித்தல் ஒன்பது. இது எனக்குக் காலேஜ்லயே சொல்லிக்குடுத்தாங்க. கழிச்சு முடிச்சதும் திரும்பச் சின்ன இடத்துல போட்டுப் பாத்திருந்தா சரியாயிருக்கும். நான் போடல."

"மனுஷன் பாஷைல சொல்லு."

"எண் வட்டம் முடியப் போற கடைசிப் பத்து செகண்டுல பச்சை விழுந்துச்சுன்னா கதவு திறக்காது. எப்பவுமே திறக்காது. ஆறு, ஏழுன்னு போய்ட்டு இருக்கும்போதே எண் பூஜ்யத்துக்குப் போயிரும், விடை சைபருக்குக் கீழ விழுந்துரும், பத்துக்கு வரவே வராது. வட்டம் வட்டமா சுத்திட்டே இருக்கும்."

"சோதனை பண்ணித்தானே அனுப்புனோம்!"

"ஒவ்வொரு சோதனைக்கும் பெட்டியை அணைச்சுப் போட்டேன். அணைச்சுப் போட்டா பூஜ்யத்துல இருந்து ஆரம்பிக்கும். கடைசிப் பத்துக்கு அது ஒரு நாளும் போனதே இல்ல." அவள் எஸ்கோ பக்கம் கைநீட்டினாள். "இவர் குத்தினா ஏன் திறந்துச்சு? குத்தினதும் பச்சை அணைஞ்சு மறுபடி எரியும். அப்ப வேற எண்ணுல இருந்து புதுசா எண்ணும், திறந்துரும். நாலு தடவையும் இவர் என் தப்பைத்தான் சரி பண்ணிட்டுப் போயிருக்கார். நாம இவரைப் போய்..."

எஸ்கோவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மாதக்கணக்கில் குழாயைச் சுரண்டிய கைகள் அவருடையவை.

யோர்மாவுக்கு ஒன்றும் முட்டவில்லை. "நல்ல மனசு உனக்கு, மெர்வி. கிழவனைப் பாத்தா பாவமாத்தான் இருக்கு. ஆனா குத்தினா திறக்குது, அதான் எல்லாரும் பாத்தது. கழித்தல் ஒன்பதை எவன் பாத்தான்? எஸ்கோ, குத்து, போவோம். சாசேஜ் கெட்டுப்போயிரும்."

எஸ்கோ துடுப்பை ஓட்டையிலிருந்து ஓர் அங்குலம் விலக்கினார். "குத்தினா எப்பவும் திறக்கும்கிறியா?"

"ஆமா."

"ஏம்மா, குத்தியும் திறக்காம இருக்கற மாதிரி நேரம் ஒண்ணு உண்டா?"

மெர்வி கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். உண்டுதான். எண் ஒரு வட்டம் சுற்ற நான்கு நிமிடம் பதினாறு வினாடி. முதல் பச்சை விழுந்த நேரம் தெரிந்தால், அதிலிருந்து வட்டக்கணக்குப் போட்டு, அதே இடத்துக்கு எண் திரும்பும் நேரத்தில் குத்தினால் மறுபடியும் சிக்க வேண்டும். அதே மிதவை, அதே தண்ணீர், அதே குத்து. தப்பு மிதவைமேல் என்றால், குறித்த நேரத்தில் மட்டும் சிக்குவதற்கு அதற்கு மணி பார்க்கத் தெரியாது.

நேரத்துக்கு எங்கே போவது என்று தேட வேண்டியிருக்கவில்லை. தண்ணீர் இறங்கும்போது யோர்மா மனைவிக்கு அனுப்புவதற்காகப் போனில் வீடியோ பிடித்திருந்தார். அதில் தன் கம்பெனிப் பெட்டியை ஆசை ஆசையாகப் பெரிதாக்கிக் காட்டியிருந்தார். பச்சை விழும் கணம் வினாடி சுத்தமாகப் பதிவாகியிருந்தது. போனைத் தர மனமில்லாமல் தந்தார்.

"ஒண்ணு சொல்லிடறேன் எஸ்கோ" என்று மெர்வி தணிந்த குரலில் சொன்னாள். "அந்தப் பத்துல நாம எந்த ஓரத்துல விழுந்தோம்னு தெரியாது. ஒரு செகண்ட் முன்னப்பின்ன ஆனா வெளிய தப்பிச்சிரலாம். திறந்துரும். திறந்துட்டா இவர் நம்பவே மாட்டார்."

சிறைக்குள் இருப்பவன் கதவு திறந்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொள்வதை எங்கேயாவது கேட்டிருக்கிறீர்களா? எஸ்கோ அன்று வேண்டிக்கொண்டார். மாதாகோவில் பக்கம் தலைவைத்துப் படுக்காத ஆள்.

மெர்வி போனைப் பார்த்தபடி கையை உயர்த்தினாள். எஸ்கோ துடுப்பை ஓட்டையின் வாயில் வைத்து இடித்தார். மேலே பச்சை அணைந்தது. அவள் கை இறங்கியது. அவர் நிறுத்தினார். குழாய்க்குள் மிதவை அடங்கியது. பச்சை எரிந்தது.

மெர்வி உதட்டுக்குள்ளேயே எண்ணினாள். பத்து தாண்டியது. இருபது தாண்டியது. கதவுக்கு அந்தப்பக்கம் ஏதோ ஒரு பறவை சிறகடித்துக்கொண்டு கிளம்பியது. கதவு அசையவில்லை.

எஸ்கோ வாய்விட்டுச் சிரித்தார். பூட்டின கதவைப் பார்த்து அப்படி ஒரு சந்தோஷம் அவருக்கு வாழ்நாளில் வந்ததில்லை.

"ஒரு தடவை நடந்தா தற்செயல்" என்றார் யோர்மா.

இன்னொரு வட்டம் காத்திருந்து இன்னொரு தடவை இடித்தார்கள். பச்சை அணைந்தது, எரிந்தது. கதவு அப்படியே நின்றது. யோர்மா தற்செயல் என்ற வார்த்தையை மறுபடி எடுக்கவில்லை. தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். இதே பெட்டியை அவர் பதினோரு தொட்டிகளில் வைத்திருக்கிறார், எல்லாம் இந்த வருஷம்; மற்ற பத்திலும் இன்னும் படகுகள் அதிகம் போகத் தொடங்கவில்லை.

தொப்பியை மறுபடி மாட்டிக்கொண்டு பேசினார். குரலில் கேலி போய்விட்டிருந்தது. அதுதான் இன்னும் மோசமாக இருந்தது.

"சரி. நம்பறேன். எஸ்கோ, உன் மேல தப்பில்ல. ஆனா யோசிச்சுப் பாரு. மிதவைன்னா ஒரு இடத்துக் கோளாறு. நிரல்னா பதினோரு இடம், எல்லாத்துக்கும் பணத்தைத் திருப்பிக் குடுக்கணும், கம்பெனியே போயிரும். மெர்வி ஒவ்வொண்ணா கமுக்கமா மாத்திருவா. திங்கக்கிழமை மட்டும் மிதவைன்னே இருக்கட்டும். உனக்கு எப்படியும் ஓய்வு வயசு. இந்தப் படகுல இருக்கற மூணு பேருக்கும் உண்மை தெரியும். அது போதாதா?"

குழியிலிருந்து ஒருவழியாகத் தலையை வெளியே நீட்டியவனை அமுக்கி உள்ளே தள்ளின மாதிரி இருந்தது எஸ்கோவுக்கு. மெர்வியைப் பார்த்தார். அவள் தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கடன், பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள் எல்லாம் அவள் குனிந்த தலையில் தெரிந்தன. அவளைக் குறைசொல்லவும் அவருக்கு மனம் வரவில்லை.

"இப்பக் குத்து. நேரம் தப்பிருச்சு, இப்பத் திறக்கும்ல?" என்றார் யோர்மா.

"திறக்கும்" என்றாள் மெர்வி, தலை நிமிராமல்.

எஸ்கோ துடுப்பைத் தண்ணீரிலிருந்து எடுத்து மடிமேல் குறுக்கே வைத்துக்கொண்டார். "குத்த மாட்டேன்."

"என்ன விளையாடுறியா?"

"திங்கக்கிழமை மேசையில உக்காந்தா விளக்கு தெரியாது, யோர்மா. அங்க உன் பேச்சுதான் தெரியும். இங்க விளக்கு தெரியுது, மூடின கதவு தெரியுது. ஆளு வரட்டும். அவங்களும் பாக்கட்டும்."

யோர்மா இன்னொரு துடுப்பைப் பிடுங்கிக்கொண்டு சுவரோரம் போனார். தண்ணீருக்குள் அங்கே குத்தினார், இங்கே குத்தினார், பாசியைப் பிய்த்தெடுத்தார். ஓட்டை எங்கே என்று அவருக்குத் தெரியாது. அவருடைய கம்பெனி, அவருடைய தொட்டி, ஒரு கையளவு ஓட்டை எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை. முழங்கை வரை நனைந்து வந்து உட்கார்ந்தார்.

"மெர்வி, நீயாவது சொல்லேன் இந்த மனுஷன்கிட்ட."

மெர்வி ஒன்றும் சொல்லவில்லை. யாருக்கு ஆதரவாக ஒன்றும் சொல்லவில்லை என்பது எஸ்கோவுக்கு விளங்கவில்லை.

மூன்று பேரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்து உட்கார்ந்தார்கள். தூரத்தில் எங்கோ கூட்டமாகப் பாடினார்கள், நெருப்புப் புகை சுவரைத் தாண்டி உள்ளே இறங்கியது. கொசு பிடுங்கித் தின்றது. பச்சை விளக்கு எரிந்தபடியே இருந்தது. எஸ்கோவுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. திருநாளும் கெட்டது, ஒருவருடைய கம்பெனியும் கெடப்போகிறது, ஒரு பெண்ணின் வேலையும் போகக்கூடும். எல்லாம் எதற்கு? ஒரு பெயருக்கு. ஆனாலும் துடுப்பை அவர் விடவில்லை.

மேலே வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. சரளைக்கல்லில் காலடி. சுவர் விளிம்பிலிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். தலையில் திருநாள் பூவளையம், உடம்பில் மஞ்சள் மேலங்கி, கையில் சாவி.

"மன்னிச்சுக்கங்க, ரொம்ப நேரமாயிருச்சு. என்ன கோளாறு? மறுபடியும் மிதவைதானா?"

யோர்மா எழுந்தார். வாயைத் திறந்தார். எஸ்கோ அவரைப் பார்க்கவில்லை, விளக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மிதவைதா..." என்று யோர்மா ஆரம்பிக்கும்போது படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மெர்வி எழுந்து நின்றிருந்தாள்.

"இல்லைங்க. மிதவை சரியா இருக்கு. அந்த விளக்கைப் பாருங்க, எதையும் தொடறதுக்கு முன்னாடி படம் எடுத்துக்கங்க" என்று மேலே பார்த்துக் கத்தினாள். சுவர்கள் இரண்டும் அவள் குரலைத் திருப்பி அனுப்பின. "தப்பாக் கழிச்சது நான். என் பேரு மெர்வி. எழுதிக்கங்க."

மேலே அந்தப் பெண் போனை எடுத்தாள். யோர்மா உட்கார்ந்துவிட்டார். "இப்பத் திறந்துவிடுங்க எஸ்கோ" என்று மெர்வி திரும்பிச் சொன்னாள். அவரும் பிடியை மாற்றித் துடுப்பை இறக்கத்தான் நினைத்தார். ஆனால் இத்தனை நேரம் இறுகப் பிடித்திருந்ததில் அவருடைய விரல்கள் துடுப்பைவிட்டுப் பிரிய மறுத்தன. அவள் குனிந்து ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட வேண்டியிருந்தது.